பக்கத்து வீட்டுப் புல்தரை ஏன் ஓயாமல் இரைகிறது?

அமெரிக்கப் புறநகர்களில் குடியிருப்பவர்கள் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லும் புகார்களில் இரண்டு அடிக்கடி வரும். ஒன்று, விடிந்ததும் விடியாததுமாகப் புல் வெட்டும் லான் மோவரும் சருகை ஊதித் தள்ளும் லீஃப் ப்ளோவரும் போடும் இரைச்சல். இன்னொன்று, மழை பெய்துகொண்டிருக்கும்போதே தன் பாட்டுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டு ஓடும் ஸ்பிரிங்க்ளரும், அதிலிருந்து வழிந்து நடைபாதையைத் தாண்டிச் சாக்கடைக்குள் போகும் தண்ணீரும். இவற்றை இரண்டு தனித்தனிக் கெட்ட பழக்கங்களாகத்தான் பொதுவாகப் பார்க்கிறோம். உண்மையில் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கின்றன. இன்றைக்கு அளவுக்கு மீறி ஊற்றுகிற தண்ணீரும் போடுகிற உரமும்தான் நாலு நாள் கழித்து மோவர் சத்தமாக நம் ஜன்னலுக்கு வருகின்றன. இது எப்படி நடக்கிறது என்று புரிந்துகொண்டால் கோபம் குறையுமோ என்னவோ, பக்கத்து வீட்டுக்காரரிடம் என்ன பேசுவது என்பதாவது தெளிவாகும்.

முதலில் புல்லைப் பற்றி ஒரு விஷயம். பெரும்பாலான செடிகளுக்கு வளரும் முனை உச்சியில் இருக்கும். அதைக் கிள்ளிவிட்டால் அந்தத் தண்டு அதோடு நின்றுவிடும், பக்கத்திலிருந்துதான் புதிதாகத் துளிர்க்க வேண்டும். புல்லுக்கு வளரும் பகுதி அடியில், மண்ணை ஒட்டி இருக்கிறது. இலை அங்கிருந்துதான் மேலே தள்ளப்பட்டு வருகிறது. ஆடு மேய்ந்தாலும் கத்தி வெட்டினாலும் போவது பழைய நுனி மட்டும்தான், வளர்ச்சி நடக்கும் இடத்துக்கு எந்தச் சேதமும் இல்லை. அதனால் வெட்டினால் மறுபடி வளரும், மறுபடி வெட்டலாம், முடிவே கிடையாது. லான், அதாவது வெட்டி வெட்டிக் குட்டையாக வைத்திருக்கும் புல்தரை என்கிற ஏற்பாடு முழுக்க இந்த ஒரு குணத்தை நம்பித்தான் நிற்கிறது.

இயந்திரம் வரும்வரை புல்லைக் குட்டையாக வைத்திருப்பது பெரிய பண்ணை வீட்டுக்காரர்களுக்கு மட்டுமே கட்டுப்படியாகிற சமாச்சாரமாக இருந்தது, ஏனென்றால் அதற்கு ஆட்டு மந்தை வேண்டும் அல்லது நீண்ட அரிவாளோடு கூலியாட்கள் வேண்டும். 1830இல் இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் பகுதியில் எட்வின் பட்டிங் என்பவர், கம்பளித் துணியின் மேலே துருத்திக்கொண்டிருக்கும் இழைகளைச் சீவும் ஆலை இயந்திரத்தைப் பார்த்து, அதே சுழலும் கத்தியைப் புல்லுக்கும் வைக்கலாம் என்று யோசித்து மோவரை உருவாக்கினார். அதன் பிறகு சாதாரண வீட்டுக்காரரும் வெட்டிய புல்தரை வைத்துக்கொள்ள முடிந்தது. 2005இல் வெளியான நாசா ஆய்வாளர் கிறிஸ்டினா மிலேசி குழுவின் கணக்குப்படி, அமெரிக்காவில் புல்தரையின் மொத்தப் பரப்பு சுமார் 1,63,000 சதுர கிலோமீட்டர். அந்த நாட்டில் பாசனம் செய்து விளைவிக்கும் மக்காச்சோளத்தின் பரப்பைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு அது. வீட்டு முற்றம், பூங்கா, கோல்ஃப் மைதானம் எல்லாம் அதில் அடக்கம்.

அதாவது பரப்பில் பார்த்தால் இது ஒரு பெரிய பயிர். உரம் போட்டு, தண்ணீர் பாய்ச்சி, களையெடுத்து, வாராவாரம் அறுவடை செய்கிற பயிர், ஆனால் அறுத்ததை யாரும் சாப்பிடுவதில்லை. பையில் கட்டித் தெருவோரம் வைக்கிறார்கள்.

சுழற்சி எங்கே தொடங்குகிறது

அந்தப் பையைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம், ஏனென்றால் விஷயம் அதற்குள்தான் இருக்கிறது. புதிதாக வெட்டிய புல்லைக் கையில் அள்ளினால் ஈரமாகக் குளிர்ந்திருக்கும். எடையில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர்தான். மீதியில் கணிசமான அளவு நைட்ரஜன், அதாவது தழைச்சத்து. வசந்த காலத்தில் வீட்டுக்காரர் காசு கொடுத்து வாங்கித் தூவினாரே ஒரு மூட்டை உரம், அந்த உரத்தில் ஒரு பங்கு வேர் வழியாக ஏறி இலைக்கு வந்து, வெட்டுப்பட்டு, இப்போது இந்தப் பையில் உட்கார்ந்திருக்கிறது. குப்பை வண்டி வந்து எடுத்துப்போகும். மண்ணில் சத்துக் குறையும். புல் வெளிறும். அவர் மறுபடியும் உர மூட்டை வாங்குவார். உரம் போட்டதும் புல் திமிறிக்கொண்டு வளரும், ஐந்து நாளுக்கு ஒரு முறை வெட்ட வேண்டியிருக்கும், வெட்டியதை மறுபடி பையில் கட்டுவார்.

இதில் நாம் காதால் கேட்பது வெட்டுகிற பகுதியை மட்டும்தான். மற்றதெல்லாம் சத்தமில்லாமல் நடக்கிறது, ஆனால் சத்தத்துக்குக் காரணம் அந்த மற்றதுதான்.

வெட்டிய புல்லை அப்படியே தரையில் விட்டுவிட்டால் என்ன ஆகும்? ஒரு வாரம், பத்து நாளில் மக்கி மண்ணுக்குள் போய்விடும். ஒரு புல்தரைக்கு வருடத்துக்குத் தேவைப்படும் நைட்ரஜனில் கால்வாசி வரைக்கும் இப்படித் திரும்பக் கிடைக்கும் என்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் விவசாய விரிவாக்கத் துறைகள் வெகுகாலமாகச் சொல்லிவருகின்றன. இதைச் சொன்னதும் பலர் ஒரு மறுப்போடு வருவார்கள்: விட்டால் அடியில் மெத்தைபோலச் சேர்ந்து புல்லின் மூச்சை அடைத்துவிடாதா? புல்லுக்கும் மண்ணுக்கும் நடுவே அப்படி ஒரு படிவம் சேருவது உண்மைதான், ஆங்கிலம் பேசுகிறவர்கள் அதைத் தேட்ச் என்பார்கள். ஆனால் அது மெதுவாக மக்கும் தண்டு, வேர், தரையோடு ஓடும் கொடி இவற்றால் சேருவது. இலை நுனிகளில் அந்தக் கெட்டியான நார்ப்பொருள் மிகக் குறைவு, அதனால் அவை சேராமல் கரைந்துவிடுகின்றன. இன்னும் சொல்லப்போனால், அளவுக்கு மீறி உரம் போடுகிற தரையில்தான் தேட்ச் வேகமாகச் சேரும். ஈரமாக இருக்கும்போது முழங்கால் உயரப் புல்லை ஒரேயடியாக வெட்டிக் குவியல் குவியலாக விட்டால் அடியில் இருக்கும் புல் மஞ்சளாகும், அது வேறு கதை, அதற்குத் தீர்வு குவியலைக் கலைத்து விடுவதுதான்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்கில், 2018இல் மட்டும் அந்நாட்டில் புல், இலை, கிளை என்று தோட்டக் கழிவாக வந்தது சுமார் 3.5 கோடி டன். நகர்ப்புறத் திடக்கழிவில் அது ஏறக்குறைய 12 சதவீதம். இதில் பெரும்பகுதி உரக்கிடங்குக்குப் போகிறது என்பது நல்ல செய்தி. இருந்தாலும் ஒரு கோடி டன்னுக்கு மேல் குப்பைமேட்டில் புதைகிறது. காற்றில்லாமல் புதைந்த பச்சைப்புல் மீத்தேனாக மாறுகிறது. மண்ணிலேயே விட்டிருந்தால் உரமாகியிருக்க வேண்டியது.

எவ்வளவு குட்டையாக

புல்லை ஒரு தடவை வெட்டும்போது அதன் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது புல்தரை பராமரிப்பவர்களின் பழைய விதி. காரணம் எளிது. இலைதான் புல்லுக்கு உணவு தயாரிக்கிறது. பாதிக்கு மேல் இலையை எடுத்துவிட்டால், புல் வேரில் சேமித்ததைச் செலவழித்து முதலில் இலையை மீட்கப் பார்க்கும், வேர் வளர்ச்சி நின்றுபோகும். வேர் ஆழமில்லாத புல் இரண்டு நாள் வெயிலுக்கே துவண்டுவிடும். வீட்டுக்காரர் பதறிப்போய் ஸ்பிரிங்க்ளர் நேரத்தைக் கூட்டுவார். அப்புறம், குட்டையாக வெட்டிய தரையில் வெயில் நேராக மண்ணில் விழுவதால் மண் சூடாகி ஈரம் சீக்கிரம் போகும், களை விதைகளுக்கும் முளைக்க வெளிச்சம் கிடைக்கும். களை வந்தால் களைக்கொல்லி. மோவரின் உயரக் குமிழை ஒரு புள்ளி கீழே தள்ளி வைத்ததிலிருந்து இத்தனையும் கிளம்புகின்றன.

குளிர்ப் பிரதேசப் புல் வகைகளுக்கு ஏழரை முதல் பத்து சென்டிமீட்டர் உயரம் நல்லது. இது நிறைய பேர் வைத்திருக்கும் உயரத்தைவிட அதிகம். கத்தி கூராக இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். வெட்டிய மறுநாள் ஒரு இலையைப் பறித்து நுனியைப் பாருங்கள்: நேர்கோடாக வெட்டுப்பட்டிருந்தால் கத்தி நன்றாக இருக்கிறது, நுனி கிழிந்து நார்நாராக வெளிறிப் போயிருந்தால் மோவர் வெட்டவில்லை, பிய்த்திருக்கிறது. பிய்ந்த நுனி பழுப்பாகும், தரை முழுக்க ஒரு மங்கல் வரும், வீட்டுக்காரர் அதைத் தண்ணீர்ப் பஞ்சம் என்று நினைத்து இன்னும் ஊற்றுவார்.

தண்ணீர்

வட அமெரிக்காவின் வீட்டு முற்றங்களில் அதிகம் காணப்படும் கென்டக்கி புளூகிராஸ் ஐரோப்பா, ஆசியாப் பக்கத்திலிருந்து வந்த புல். மிதமான குளிரும் ஈரமும் இருந்தால் செழிக்கும். கோடை உச்சத்தில் மழையில்லாவிட்டால் இலையைக் காயவிட்டு அடிப்பகுதியை மட்டும் உயிரோடு வைத்துக்கொண்டு தூங்கப்போய்விடும், மழை வந்ததும் பச்சையாகும். இந்தத் தூக்கம் நோய் கிடையாது, அந்தப் புல்லின் இயல்பு. நல்ல வேருள்ள தரை பல வாரங்கள் இப்படித் தாங்கும். ஆனால் பழுப்பு நிறப் புல் என்றாலே பராமரிக்கத் தெரியாத வீடு என்று தெருவே நினைக்கிற இடத்தில் யார் அதைத் தூங்கவிடுவார்கள்? ஜூலை வெயிலிலும் மே மாதப் பச்சை வேண்டும் என்பதற்காக ஊற்றுகிறார்கள்.

பொதுவாகச் சொல்லப்படும் தேவை, வளரும் பருவத்தில் வாரத்துக்கு 25 மில்லிமீட்டர், மழையையும் சேர்த்து. இதைக் கணக்குப் போடுவது சுலபம்: ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் நின்றால் அது ஒரு லிட்டர். 200 சதுர மீட்டர் புல்தரைக்கு 25 மில்லிமீட்டர் என்றால் 5,000 லிட்டர். ஒரு வாரத்துக்கு, ஒரு சின்ன முற்றத்துக்கு. அந்த வாரத்தில் 25 மில்லிமீட்டர் மழை பெய்துவிட்டால் ஒரு சொட்டும் ஊற்ற வேண்டியதில்லை. ஆனால் ஸ்பிரிங்க்ளரைக் குறித்த நேரத்தில் திறந்து மூடும் டைமருக்கு மழை தெரியாது. ஏப்ரலில் ஒரு தடவை அமைத்துவிட்டு அக்டோபர் வரை தொடாத டைமர்கள்தான் அதிகம். சுற்றுச்சூழல் முகமை சொல்கிறபடி, அமெரிக்க வீடுகள் பயன்படுத்தும் தண்ணீரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெளிப்புறத் தோட்டத்துக்குப் போகிறது. நாளொன்றுக்குச் சுமார் 900 கோடி கேலன், லிட்டரில் 3,400 கோடி. அப்படிப் பாய்ச்சுவதில் பாதிவரைகூட ஆவியாகியும் காற்றில் சிதறியும் வழிந்தோடியும் வீணாகலாம் என்றும் அதே முகமை சொல்கிறது.

வழிந்தோடுவது ஏன் என்று புரியாமல்தான் பலர் இதைச் செய்கிறார்கள். களிமண் தரை ஒரு மணி நேரத்தில் சில மில்லிமீட்டர் தண்ணீரைத்தான் உறிஞ்சும். ஸ்பிரிங்க்ளர் அதைவிட வேகமாகக் கொட்டும். பத்து நிமிடம் போனதும் மேலே பளபளவென்று நீர் நிற்க ஆரம்பிக்கும், அதற்குமேல் ஊற்றுவது எல்லாம் தெருவுக்குத்தான், போகும்போது தூவிய உரத்தில் ஒரு பங்கையும் கரைத்துக்கொண்டு போகும். அந்த உரம் ஏரிக்குப் போய் பாசியை வளர்க்கும். பத்து நிமிடம் விட்டு, அரை மணி நேரம் நிறுத்தி, மறுபடி பத்து நிமிடம் விட்டால் அதே தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிவிடும். பெரும்பாலான டைமர்களில் இப்படிப் பிரித்து வைக்க வசதி இருக்கிறது, யாரும் பயன்படுத்துவதில்லை என்பதுதான் வருத்தம்.

தண்ணீர் தேவையா என்று தெரிந்துகொள்ள ஒரு கருவியும் வேண்டாம். மாலையில் புல்மேல் நடந்து பாருங்கள். மிதித்த புல் உடனே நிமிர்ந்துவிட்டால் ஈரம் போதும். கால்தடம் அப்படியே பதிந்து கிடந்தால், புல்லின் நிறம் லேசாக நீலச் சாம்பலாகத் தெரிந்தால், தாகம். அப்போது ஊற்றினால் போதும், அதுவும் அதிகாலையில். நடுப்பகலில் ஊற்றினால் ஒரு பங்கு காற்றோடு போகும், இரவில் ஊற்றினால் இலை விடிய விடிய ஈரமாக இருந்து பூஞ்சை பிடிக்கும். தினமும் கொஞ்சம் தெளிப்பதைவிட வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை ஆழமாக ஊற்றுவது மேல், ஏனென்றால் வேர் ஈரம் இருக்கும் இடத்துக்குத்தான் போகும். மேலேயே தினமும் ஈரம் கிடைத்தால் கீழே போக அதற்கு என்ன தலையெழுத்து?

இரைச்சல்

சரி, காதுக்கு வருவோம். டெசிபல் என்பது சாதாரணக் கூட்டல் கணக்கில் வராத அளவு. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது, நம் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகத் தெரிகிறது. 70க்கும் 80க்கும் எண்ணில் வித்தியாசம் சின்னதாகத் தெரிந்தாலும் அனுபவத்தில் அப்படி இல்லை. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சுமார் 6 டெசிபல் குறையும். லீஃப் ப்ளோவர் வாங்கும்போது அட்டைப்பெட்டியில் 65 டெசிபல் என்று போட்டிருப்பதைப் பார்த்து, சும்மா பேசுகிற அளவுதானே என்று நினைப்பவர்கள் உண்டு. அமெரிக்கத் தர விதிப்படி அந்த எண் 50 அடி, அதாவது சுமார் 15 மீட்டர் தள்ளி நின்று அளந்தது. இயந்திரத்தை முதுகில் மாட்டியிருப்பவர் காதில் அது இருபது டெசிபலுக்கும் மேல் கூடுதலாக விழும்.

லீஃப் ப்ளோவர் சத்தம் மட்டும் ஏன் மூடிய ஜன்னலையும் தாண்டி வந்து தலைக்குள் உட்கார்ந்துகொள்கிறது? பெட்ரோல் இன்ஜினின் சத்தத்தில் அடிக்குரல் அலைகள் அதிகம். கீச்சென்ற சத்தத்தைச் சுவரும் கண்ணாடியும் நன்றாகத் தடுக்கும், இந்த உறுமலை அவ்வளவாகத் தடுக்காது, தூரத்திலும் அது எளிதில் தேயாது. அடுத்த காரணம் இன்னும் எரிச்சலானது. மோவர் ஒரே சுருதியில் ஓடும், மனம் அதைக் கொஞ்ச நேரத்தில் பழகிக்கொள்ளும். ப்ளோவரை வைத்திருப்பவர் விசையை அழுத்தி அழுத்தி விடுகிறார்: வ்ரூம், அடங்குகிறது, வ்ரூம், அடங்குகிறது. நடைபாதையில் ஒட்டிக்கொண்ட ஒரு ஈர இலையைப் பெயர்க்க இரண்டு நிமிடம் அதையே துரத்துவதைப் பார்க்கலாம், ஒரு துடைப்பத்தால் ஒரு தட்டில் முடிகிற வேலை. ஒவ்வொரு ஏற்றத்துக்கும் நம் கவனம் திரும்பிப் போகிறது, பழகவே விடாது.

கையில் பிடிக்கிற, முதுகில் மாட்டுகிற பெட்ரோல் ப்ளோவர்களில் பலவற்றில் இருப்பது டூ-ஸ்ட்ரோக் இன்ஜின். எடை குறைவு, எந்தச் சாய்வில் பிடித்தாலும் ஓடும், அதனால் வைத்திருக்கிறார்கள். ஆனால் அதில் புதிய எரிபொருள் உள்ளே வருவதும் எரிந்த புகை வெளியே போவதும் ஒரே நேரத்தில் நடக்கிறது. உள்ளே வந்த பெட்ரோலில் கால்வாசியளவு எரியாமலே புகையோடு வெளியேறிவிடும். கலிபோர்னியா காற்றுவள வாரியம் ஒரு ஒப்பீடு சொல்கிறது: தொழில்முறை லீஃப் ப்ளோவரை ஒரு மணி நேரம் ஓட்டினால் வருகிற புகைமூட்டத்தை உண்டாக்கும் மாசு, ஒரு பயணிகள் காரை லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து டென்வர் வரை, அதாவது சுமார் 1,100 மைல், ஓட்டினால் வருவதற்குச் சமம். மோவருக்கு அது 300 மைல். கவனியுங்கள், இது புகைமூட்டத்தை உண்டாக்கும் மாசைப் பற்றிய கணக்கு. கரியமில வாயுவுக்கு இதே எண்ணைச் சொன்னால் தவறாகிவிடும், நிறைய பேர் குழப்பிக்கொள்கிறார்கள்.

அந்தப் புகைக்கும் சத்தத்துக்கும் மிக அருகில் இருப்பவர் வீட்டுக்காரர்கூட இல்லை. கூலிக்கு வந்து ஒரு நாளைக்குப் பத்து, பதினைந்து வீடு முடிக்கிற தொழிலாளி. அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரைப்படி 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வரை இருக்கலாம், அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். 94 என்றால் ஒரு மணி நேரம். 100 என்றால் பதினைந்து நிமிடம். இதைத் தாண்டி நாள் முழுக்க, காதில் அடைப்பான்கூட இல்லாமல் வேலை செய்பவர்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவரைப் பார்த்துக் கத்துவது அநியாயம். நேரத்தையும் கருவியையும் முடிவுசெய்வது அவர் இல்லை.

இலையை ஏன் ஊத வேண்டும் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. நடைபாதையில் கிடந்தால் வழுக்கும், சரி, பெருக்கலாம். புல்தரைமேல் தடிமனாக மூடிக் கிடந்தாலும் புல்லுக்குக் கெடுதல்தான். ஆனால் மோவரை அதன்மேல் ஒரு தடவை ஓட்டினால் இலை காசு அளவுத் துண்டுகளாகிப் புல்லுக்கு இடையே இறங்கி மக்கிவிடும். செடிகளின் அடியிலும் மரத்தடியிலும் கிடக்கிற சருகை அப்படியே விடலாம். எத்தனையோ அந்துப்பூச்சிகளின் கூட்டுப்புழுக்களும் மின்மினியின் புழுக்களும் குளிர்காலத்தைக் கழிப்பது அங்கேதான். மணிக்கு இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் வேகக் காற்றை அந்த இடத்தில் அடித்தால் மேல்மண்ணும் சேர்ந்து கிளம்பும். வெறும் தரையில் ப்ளோவரைப் பிடித்து, தூசியைத் தெருவின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றிவிட்டுப் போவதற்கு என்னால் ஒரு நியாயமும் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஏன் விட முடியவில்லை

பக்கத்து வீட்டுக்காரர் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவருக்கும் அழுத்தங்கள் இருக்கின்றன. பல அமெரிக்கக் குடியிருப்புகளில் வீட்டு உரிமையாளர் சங்கம் புல்லின் உயரத்தையும் நிறத்தையும்கூடக் கவனிக்கும், நகராட்சிகளில் களைச் சட்டங்கள் உண்டு, மீறினால் அபராதம். பராமரிப்பு ஒப்பந்தங்களும் பெரும்பாலும் வாரம் ஒரு வருகை என்று எழுதப்படுகின்றன. ஆகஸ்ட் வறட்சியில் புல் ஒரு அங்குலம்கூட வளராவிட்டாலும் ஆள் வருவார், வந்ததற்கு மோவரை ஓட்டத்தான் வேண்டும்.

பழக்கமும் இருக்கிறது. முன்பெல்லாம் புல் விதைக் கலவையில் வெள்ளைக் கிளோவர் விதையையும் சேர்த்தே விற்றார்கள். கிளோவர் பயறு வகைக் குடும்பம். வேர் முடிச்சில் இருக்கும் பாக்டீரியா காற்றிலிருந்து நைட்ரஜனை எடுத்துத் தரும், பக்கத்துப் புல்லுக்கும் அதில் பங்கு கிடைக்கும், உரம் அதிகம் தேவைப்படாது. 1940களின் நடுவில் 2,4-டி என்ற களைக்கொல்லி சந்தைக்கு வந்தது. அகன்ற இலைச் செடிகளைக் கொல்லும், புல்லை விட்டுவிடும். கிளோவருக்கும் அகன்ற இலைதான், அதுவும் செத்தது. அதற்குப் பிறகு கிளோவர் மெல்ல மெல்லக் களைப் பட்டியலுக்குப் போய்விட்டது, அது இலவசமாகக் கொடுத்த சத்துக்குப் பதில் மூட்டை உரம் வந்தது. இப்போது கிளோவரைத் திரும்ப விதைப்பவர்கள் கூடிவருவது எனக்கு மனநிறைவாக இருக்கிறது.

சட்டங்கள் இல்லாமல் இல்லை. கலிபோர்னியாவின் கார்மல் ஊர் 1975லேயே லீஃப் ப்ளோவரைத் தடைசெய்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் 1998 முதல் வீடுகளிலிருந்து 500 அடிக்குள் பெட்ரோல் ப்ளோவர் கூடாது என்று வைத்திருக்கிறது, ஆனால் அங்கே இன்றும் அவை ஓடுகின்றன, ஏனென்றால் ஒவ்வொரு தெருவுக்கும் ஒருவரை அனுப்பிப் பிடிப்பது நடக்கிற காரியமில்லை. வாஷிங்டன் நகரில் 2022 ஜனவரி முதல் பெட்ரோல் ப்ளோவரை விற்கவும் பயன்படுத்தவும் தடை. கலிபோர்னியா வேறு வழியில் போனது: பயன்படுத்துபவரைத் துரத்தாமல், 2024 மாடல் முதல் புதிய சிறு பெட்ரோல் இன்ஜின் தோட்டக் கருவிகள் மாசில்லாதவையாக இருக்க வேண்டும் என்று விதித்தது. ஜெர்மனியில் 2002ஆம் வருட விதிப்படி குடியிருப்புப் பகுதியில் ஞாயிறும் விடுமுறை நாளும் மோவர் ஓடக் கூடாது, மற்ற நாட்களில் இரவு 8 முதல் காலை 7 வரை கூடாது, லீஃப் ப்ளோவர் போன்றவற்றுக்கு இன்னும் குறுகிய நேரம். நெவாடா 2021இல் இயற்றிய சட்டம் இரைச்சலைப் பற்றிப் பேசவில்லை, தண்ணீரைப் பற்றிப் பேசியது: லாஸ் வேகஸ் பகுதியில் அலங்காரத்துக்கு மட்டுமே இருக்கும் புல்லுக்கு, அதாவது சாலைத் தடுப்பிலும் அலுவலக வாசலிலும் யாரும் காலே வைக்காத புல்லுக்கு, 2026 முடிந்த பிறகு கொலராடோ ஆற்றுத் தண்ணீர் கிடையாது. தனி வீடுகளின் முற்றம் அதில் வராது. ஆனாலும் அந்த அளவுகோல் எனக்குப் பிடித்திருக்கிறது. குழந்தைகள் விளையாடும் புல், நாய் ஓடும் புல் இருக்கட்டும். வெட்டுகிறவர் மட்டுமே மிதிக்கிற புல் எதற்கு?

பேசும்போது

சத்தத்தைப் பற்றி மட்டும் புகார் சொன்னால் பேச்சு சண்டையாகத்தான் போகும், ஏனென்றால் அவர் காதில் அது "நீ உன் வீட்டைப் பராமரிக்காதே" என்று விழுகிறது. அதனால் அவருக்கு மிச்சமாகிற இடத்திலிருந்து ஆரம்பியுங்கள். மோவர் ஓடாத ஒரு சாயங்காலத்தில் போய், மோவர் உயரத்தைக் கூட்டினால் வெட்டு குறையும், வெட்டிய புல்லை விட்டால் ஒரு மூட்டை உரம் மிச்சம், டைமரோடு ஒரு மழை உணரியை இணைத்தால் தண்ணீர்க் கட்டணம் இறங்கும் என்று சொல்லலாம். ஆள் வைத்து வெட்டுபவர் என்றால், ஒப்பந்தத்தை "வாரம் ஒரு தடவை" என்பதிலிருந்து "தேவைப்படும்போது" என்று மாற்ற முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் வீட்டு முற்றங்களில் செய்த ஓர் ஆய்வு 2018இல் வந்தது. அதில் வாராவாரம் வெட்டிய புல்தரைகளைவிட இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வெட்டியவற்றில் தேனீக்கள் அதிகம் வந்தன. பூச்சிகளில் ஆர்வம் உள்ள பக்கத்து வீட்டுக்காரர் என்றால் இதையும் சொல்லலாம்.

பேட்டரிக் கருவிக்கு மாறச் சொல்வதென்றால் ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். பேட்டரி மோவர் உண்மையிலேயே அமைதியானது, புகையும் இல்லை. பேட்டரி ப்ளோவரில் அந்த அடிக்குரல் உறுமல் போய்விடும், அதனால் இரண்டு வீடு தள்ளி இருப்பவருக்கு நல்ல நிவாரணம். ஆனால் காற்று சீறுகிற சத்தம் இருக்கும், ஒட்டிய வீட்டில் இருப்பவருக்கு அது கேட்கத்தான் செய்யும். அதைச் சொல்லாமல் வாங்க வைத்துவிட்டுப் பிறகு முகம் சுளித்தால் அடுத்த பேச்சுக்கு இடம் இருக்காது. ஒட்டிய வீடு என்றால் கருவியைவிட நேரத்தைப் பற்றிப் பேசுவது பலன் தரும்: காலை ஒன்பதுக்கு முன் வேண்டாம், உங்கள் குழந்தை தூங்கும் மதிய நேரம் வேண்டாம் என்று குறிப்பாகக் கேளுங்கள். பொதுவாக "கொஞ்சம் சத்தத்தைக் குறையுங்கள்" என்றால் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியாது, ஒன்பது மணி என்றால் தெரியும்.